முறைப்பாசன எதிர்ப்பாளரின் இதயம்

புளியங்கால் வாய்க்கால் பாசனதாரர் சங்கத் தலைவர் செல்லதுரைக்கு வாழ்க்கையில் எதிரி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு முறைப்பாசனம் என்று பெயர். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும்போது எல்லா வாய்க்கால்களையும் ஒரே நேரத்தில் திறக்காமல், இதற்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம் என்று ஷட்டரை மாற்றி மாற்றித் தூக்கி இறக்குவது. அரசாங்கத்தின் கணக்குப்படி இதனால் எல்லோருக்கும் சமமாகத் தண்ணீர் கிடைக்கிறது. செல்லதுரையின் கணக்குப்படி எல்லோருக்கும் சமமாகத் தண்ணீர் கிடைக்காமல் போகிறது. இரண்டும் ஒரே கணக்குதான் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டதில்லை.

அவருடைய அப்பா ஊரார் வயலில் கூலிக்கு அறுத்தவர். தண்ணீரைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. கருத்தைப் பாய்ச்சுவதற்கு நிலம் இல்லை. செல்லதுரை கொத்தனார் வேலை, குத்தகைச் சாகுபடி என்று அலைந்து, துண்டு துண்டாக நிலம் வாங்கினார். வாங்கியதெல்லாம் கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற இடத்தில். அங்கேதான் மலிவாகக் கிடைத்தது. தண்ணீர் வராததால் மலிவு. பத்திரம் பதிந்த மறுநாளிலிருந்து, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தொடங்கினார். அதுவே பொதுவாழ்க்கையாகிவிட்டது.

ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அவர் எழுந்தால், அதிகாரிகள் பேனாவை மூடிவிடுவார்கள். என்ன சொல்வார் என்று தெரியும். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், ஓடுவதற்குத்தான் தண்ணீர் என்று பெயர் என்று ஆரம்பித்து, "விட்டு விட்டு வர்றதுக்கு அது என்ன விக்கலாங்க?" என்று முடிப்பார். விக்கலுக்கு மட்டும் எப்போதும் கைதட்டல் உண்டு.

புளியங்கால் வாய்க்காலில் ஒரு வழக்கம். ஆனி மாதம் முதல் தண்ணீர் திறக்கும் நாளில் சங்கத் தலைவர் தண்ணீரோடு நடக்க வேண்டும். காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து வராது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளைக் குடிக்க வைத்துக்கொண்டு, ஏறத்தாழ மனிதன் நடக்கிற வேகத்தில் வரும். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் விதைநெல்லும் பூவும் தூவிவிட்டு, அந்த நுரைக்குப் பக்கத்திலேயே கரையில் தலைவர் நடப்பார். கடைமடையில் காத்திருப்பவர்களுக்குத் தலைவரைப் பார்த்தால்தான் தண்ணீர் வந்ததாகக் கணக்கு. ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. முன்பொரு தலைவர் தண்ணீர் வந்துவிட்டது என்று வீட்டிலிருந்தே சொல்லி ஏமாற்றியிருப்பார் என்பது செல்லதுரையின் யூகம். அவர் தலைவரான பிறகு ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை, போன வருஷம் வரை.

போன வருஷம் பாதி வழியில் அவருடைய நெஞ்சுக்குள் யாரோ வைக்கோல் புரி முறுக்கினார்கள். கரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் உட்காரவில்லை. அது தன் பாட்டுக்குக் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு மா நிலம் வைத்திருக்கும் மங்களாம்பிகை, வாய்க்காலையும் காலியான கரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தலைவரு இல்லாமயே தண்ணி வந்திருச்சு. அடுத்த வருஷம் தண்ணி இல்லாம தலைவரு வருவாரு போல" என்றாள். இந்த வாக்கியம் தண்ணீரைவிட வேகமாகத் தலைமடைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பரிதி எழுந்தான். பொறியியல் படித்துவிட்டு ஊரில் ட்ரோன் வைத்து மருந்து தெளிப்பவன். செல்லதுரைக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை. தலைவரின் உடல்நலம் கருதி அவரைக் கௌரவத் தலைவர் ஆக்கலாம் என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கௌரவத் தலைவர் என்றால் என்ன என்று செல்லதுரைக்குத் தெரியும். அவருக்கு முன்பிருந்தவரை அவர்தான் அப்படி ஆக்கினார். மாலை உண்டு, நாற்காலி உண்டு, மைக் கிடையாது.

"அடுத்த ஆனிக்கு நான் கடைமடை வரைக்கும் நடக்கலைன்னா நீயே எடுத்துக்கப்பா" என்றார்.

"சரி பெரியப்பா" என்றான் பரிதி, மரியாதையாக.

தஞ்சாவூரில் இதய மருத்துவர் ஷைலஜா படம் எடுத்துப் பார்த்தார். அடைப்பு ஓரிடத்தில் இருந்தால் ஸ்டென்ட் வைக்கலாம், பெரிய குழாயில் இருந்தால் பைபாஸ் செய்யலாம். செல்லதுரைக்குச் சின்னச் சின்னக் கிளைகளில் பரவலாகக் குறுகியிருந்தது. கத்தி வைக்க இடம் இல்லை. மாத்திரையைத் தொடருங்கள், அதோடு ஒரு மெஷின் இருக்கிறது, ஏழு வாரம் வந்து படுத்து எழுந்து போகவேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், பலருக்கு வலி குறைந்திருக்கிறது என்றார். படத்தைக் காட்டினார். ஒரு பெரிய ஆறு, மூன்று கிளை, ஒவ்வொரு கிளையிலும் நூல் நூலாக வாய்க்கால். நுனியில் தண்ணீர் இல்லை. செல்லதுரைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடைமடையில்தான் பிரச்சினை.

மெஷினை இயக்கியவள் நிலோஃபர். நாகூர்ப் பெண், சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். இரண்டு கெண்டைக்காலிலும், தொடையிலும், இடுப்புக்குக் கீழேயும் பிரஷர் பார்க்கும் பட்டைபோல, ஆனால் யானைக்குப் பிரஷர் பார்ப்பதற்கான அளவில், பட்டைகளைக் கட்டினாள். மார்பில் கம்பிகளை ஒட்டினாள். இதயம் சுருங்கி முடித்து ஓய்வெடுக்கும் கணத்தில் பட்டைகள் கெண்டைக்காலிலிருந்து மேல்நோக்கி வரிசையாக உப்பிக் கால் ரத்தத்தை இதயத்தின் பக்கம் தள்ளும். அது அடுத்துச் சுருங்குவதற்கு முன் பட்டென்று தளர்ந்துவிடும். மறுபடி உப்பும். மறுபடி தளரும். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லதுரை கட்டிலைவிட்டு ஓரங்குலம் எழும்பி இறங்கினார்.

கொஞ்ச நேரம் எழும்பி இறங்கிய பிறகு அவருக்கு விஷயம் புரிந்தது. திறக்கிறார்கள். மூடுகிறார்கள். திறக்கிறார்கள். மூடுகிறார்கள். முப்பது வருஷமாக எதை எதிர்த்துக் கோஷம் போட்டாரோ, அது தன் சொந்தக் காலில் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி தங்கம்மாளிடம் சொன்னார். மெஷின் நல்ல மெஷின், ஆனால் அதை முறை வைத்து ஓட்டுகிறார்கள், முழுசாகத் திறந்துவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். தங்கம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். டாக்டருக்குத் தெரியாதா என்று கேட்டாள். இன்ஜினியர்களுக்கும் எல்லாம் தெரியும்தான், தெரிந்துதான் மூடினார்கள் என்றார் செல்லதுரை.

ஆற்றங்கரையில் இதற்கு ஒரு வழி உண்டு. ஷட்டர் போடும் லஸ்கர் வீட்டுக்கு அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை நெல் போகும். அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. அன்பு என்று சொல்வார்கள். அன்பு போன வாய்க்காலின் ஷட்டர் இறங்க மறந்துவிடும். மறுவாரம் செல்லதுரை ஒரு சிப்பம் சீரகச்சம்பா அரிசியோடு மருத்துவமனைக்கு வந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாப்பா, பிரியாணிக்கு நல்லா இருக்கும். நீ ஒண்ணும் செய்ய வேணாம். அந்தப் பட்டையை உப்புனது உப்புனபடி விட்டுரு. எறக்காத."

நிலோஃபர் அவரையும் சிப்பத்தையும் பார்த்தாள். சாதாரணமாகப் பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் கட்டிக் காற்றடித்துவிட்டு, இறக்காமல் நின்றாள். செல்லதுரை திருப்தியாகத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்தன. பிறகு நகம் நிறம் மாறியது. தலையாட்டுவது நின்றது.

"இறக்கவாங்கய்யா?" என்றாள்.

"எறக்கு."

"கால்ல அப்படி வச்சா அதுக்குப் பேரு வைத்தியம் இல்லங்க. கட்டிப்போடுறது."

அப்போது பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், எழும்பி இறங்கிக்கொண்டே வந்தது. "தலைவரே, லஸ்கருக்கு மூட்டை அனுப்புற பழக்கம் இன்னும் போகலையா?"

செல்லதுரைக்கு அந்தக் குரலைத் தெரியும். ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் ராமச்சந்திரன். ஆற்றை அவர் நிர்வகித்த காலம் முழுக்க முறைப்பாசன உத்தரவில் அவர் கையெழுத்துதான் இருக்கும். அந்த உத்தரவின் நகலைச் செல்லதுரை ஒருமுறை அவர் அலுவலக வாசலிலேயே கொளுத்தினார். காற்று அதிகம் என்று தீப்பெட்டியைக் கொடுத்து உதவியவர் ராமச்சந்திரன்தான். நிலோஃபர் செல்லதுரைக்கும் பட்டைகளைக் கட்டி மெஷினை ஓட்டிவிட்டுத் திரையை விலக்கினாள். இரண்டு எதிரிகளும் ஒரே மாதிரி இறுக்கக் கால்சட்டையில், ஆளுக்கொரு தாளத்தில் துள்ளிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கடைசில உங்களுக்கும் முறை வச்சுட்டாங்களா சார்?" என்றார் செல்லதுரை.

ராமச்சந்திரனும் மெஷினை நம்பவில்லை. ஆனால் அவருடைய காரணம் வேறு. குழாயில் எவ்வளவு ஓடும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, சீரான ஓட்டம்தான் சிறந்த ஓட்டம், இப்படித் தட்டித் தட்டி விடுவதால் குழாய் கெட்டுப்போகுமே தவிர அகலமாகாது என்று அவர் டாக்டரிடம் தாளில் போட்டே காட்டியிருந்தார்.

செல்லதுரை எழும்பிய இடத்தில் அப்படியே நின்றுவிடப் பார்த்தார். மெஷின் விடவில்லை. "சீரா ஓடுறதுதான் நல்லதுன்னு சொல்றீங்களா? நீங்களா?"

"எந்தப் புஸ்தகத்திலயும் அதுதானே இருக்கு."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் சார் விட்டு விட்டு வந்துச்சு?"

"உங்களுக்கு விடறதுக்குத் தண்ணி இல்லய்யா. அத எப்படி ஃபைல்ல எழுதறது?"

இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனையோ மறியல்கள் மிச்சமாகியிருக்கும். ஆனால் மறியல் இல்லையென்றால் செல்லதுரை தலைவராகியிருக்க மாட்டார். அதனால் அவர் அதிகமாகக் கோபப்படவில்லை.

இரண்டு நோயாளிகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரே முடிவில் சேர்ந்துவிட்டதைக் கேள்விப்பட்டு ஷைலஜா வந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இது குழாயும் இல்லை, வாய்க்காலும் இல்லை என்றார். இதயத்துக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும்போதுதான் அதன் குழாய்களுக்குள் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் தள்ளுகிறது.

"இரும்புக் குழாய்க்கு உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது. ரத்தக்குழாய்க்குத் தெரியும். உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்கு. ரத்தம் அலை அலையா வந்து உரசிட்டுப் போறத அது உணரும். உணர்ந்தா ஒண்ணு சுரக்கும். சுவர்ல இருக்கற தசை இளகும், குழாய் விரியும். அதே அளவு ரத்தத்த ஒரே சீரா விட்டா இந்த அளவுக்கு விரியறதில்ல."

ராமச்சந்திரன் சுவர் விரிந்தால் கணக்கே மாறிவிடுமே என்றார். ஆமாம், மாறிவிடும் என்றார் ஷைலஜா. ராமச்சந்திரன் தன் தாளைக் கேட்டு வாங்கி, மடித்து வைத்துக்கொண்டார்.

செல்லதுரைக்கு விளக்கம் முழுக்கப் புரிந்தது. அதுதான் பிரச்சினை. விட்டு விட்டு வந்தால்தான் கடைமடை வரைக்கும் போகும் என்கிறார்கள். ஒரு படித்த பெண்மணி, வெள்ளைக் கோட்டில், மின்விசிறிக்கு அடியில் நின்று சொல்கிறார். இது ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் போனால் என்ன ஆகும்? ஐயா, உங்கள் நெஞ்சுக்கே முறைப்பாசனம்தானே ஒத்துக்கொண்டது என்று ஒரு உதவிப் பொறியாளர் எழுந்து கேட்டால், விக்கலுக்கு யார் கைதட்டுவார்கள்?

டாக்டர் போன பிறகு, இந்த விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும் என்று ராமச்சந்திரனிடம் கேட்டுக்கொண்டார்.

"நான் யார்ட்ட சொல்லப் போறேன்? அந்த ஆபீஸ்ல இப்ப வாட்ச்மேனுக்குக்கூட என்னத் தெரியாது" என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. மெஷினில் படுத்திருப்பவர்களின் குரல் எல்லாமே கொஞ்சம் உடைந்துதான் வரும். சீரகச்சம்பா ராமச்சந்திரன் வீட்டுக்குப் போனது. நிலோஃபர் வாங்க மறுத்துவிட்டாள்.

வாரங்கள் போயின. ஒரு நாள் தஞ்சாவூர்ப் பேருந்தில் ஜன்னல் இருக்கைக்காக ஒருவரோடு உரக்கச் சண்டை போட்டு, தோற்று, நின்றுகொண்டே ஊர் வந்து இறங்கிய பிறகுதான், நெஞ்சு வலிக்கவில்லையே என்று செல்லதுரைக்கு உறைத்தது. மறுநாள் அதைச் சோதிப்பதற்காகவே இன்னொருவரோடு சண்டை போட்டார். வலிக்கவில்லை. தங்கம்மாளோடும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்து, அந்த அளவுக்குக் குணமாகிவிடவில்லை என்று விட்டுவிட்டார்.

ஆனி பிறந்தது. தலைமடையில் கூட்டம். சூடம், பூ, விதைநெல், பரிதியின் கையில் வீடியோ எடுக்கும் போன். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தங்கம்மாள் துண்டின் நுனியில் முடிந்து கொடுத்திருந்தாள். லஸ்கர் ஷட்டரைத் தூக்கினார். தண்ணீர் கிளம்பியது. செல்லதுரையும் கிளம்பினார்.

நுரை பூவரசம் சருகுகளை உருட்டிக்கொண்டு வந்தது. வெடிப்புகளிலிருந்து நண்டுகள் வெளியேறி, ஆண்டு முழுக்கக் குடியிருந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் கரையேறின. யாரோ போட்ட ஒற்றைச் செருப்பு தண்ணீருக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனது. செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டி நன்றாகவே நடந்தார். போன வருஷம் உட்கார்ந்த இடத்தை, அதைப் பார்க்காதவர்போலத் தாண்டினார். பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள்.

அதைத் தாண்டி, மதகைத் தாண்டி, ஒரு வளைவில், வைக்கோல் புரி மெல்ல முறுக்கத் தொடங்கியது. அவ்வளவு பலமாக இல்லை. ஆனால் தொடங்கிவிட்டது. இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நின்றால் தண்ணீர் போய்விடும் என்பதும் தெரியும். நடையைக் குறைத்தார். நுரை அவரைவிட ஒரு கஜம் முன்னால் போனது. பிறகு இரண்டு கஜம். பரிதி போனைத் தாழ்த்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

அப்போது தண்ணீர் தயங்கியது. நுரை சுருங்கியது. ஒற்றைச் செருப்பு தரை தட்டி நின்றது. வாய்க்கால் கொஞ்சம் குடித்தது, மிச்சம் அப்படியே சேறாக நின்றது. தலைமடையிலிருந்து போன் வந்தது. மேலிடத்து உத்தரவாம், பக்கத்து வாய்க்காலுக்கு மதியம் வரைக்கும் முறை. ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

கூட்டம் கொதித்தது. முதல் தண்ணீருக்குக்கூடவா முறை, திட்டுங்கள் அவனை என்று ஆளாளுக்குச் சொல்லி, போனைத் தலைவரிடம் நீட்டினார்கள். உதவிப் பொறியாளரை அழைத்து விக்கலில் ஆரம்பிக்க வேண்டிய இடம் இது. செல்லதுரை போனை வாங்கினார். பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அவங்களும் பயிர்தான வச்சிருக்காங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. யாரோ அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். அவர் பூவரச நிழலில் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்தார்.

பரிதி பக்கத்தில் குந்தினான். "பெரியப்பா, உடம்புக்கு முடியலையா?"

"தண்ணியே உக்காந்திருக்கு. நான் நின்னுக்கிட்டு என்ன செய்யப் போறேன்?"

புரி தளர்ந்தது. துண்டின் முடிச்சை அவிழ்க்கத் தேவைப்படவில்லை. மதியம் ஷட்டர் தூக்கினார்கள். இந்த முறை தண்ணீர் வந்த விதமே வேறு. நனைந்த தரையில் குடிக்க ஆளில்லாததால், காலையில் தவழ்ந்த தூரத்தை ஓடிக் கடந்து, அவர் இருந்த இடத்தைத் தாண்டி, காய்ந்த மண்ணிலும் முன்னைவிட வேகமாக ஏறியது. விட்டு விட்டு வந்ததனால்தான் இப்படி விரைந்து போகிறது என்பது செல்லதுரையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் கண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, நடையைப் பார்த்து நடந்தார். வேகமாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. நடக்க முடிந்தது. நன்றியை மெஷினுக்குச் சொல்வதா, ஷட்டரை இறக்கியவனுக்குச் சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சொல்லாமல் விடுவதென்று கரையிலேயே முடிவு செய்தார்.

கடைமடையில் மங்களாம்பிகை காத்திருந்தாள். நுரை வந்தது. நுரைக்குப் பக்கத்தில், வியர்த்துக் கொட்டிக்கொண்டு, தலைவர் வந்தார். அவள் இரண்டையும் பார்த்தாள்.

"ரெண்டும் சேந்துதான் வந்திருக்கு" என்றாள். "ஆனா காலைல வரவேண்டியது."

"முறை வச்சுட்டானுங்கம்மா" என்றார் செல்லதுரை, மிகுந்த கசப்போடு.

பரிதி வீடியோவை முடித்தான். கௌரவத் தலைவர் தீர்மானத்தை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போனார். எங்கும் நிற்கவில்லை. முதல் தண்ணீரையே பாதியில் நிறுத்திய அநியாயத்தை எடுத்துச் சொன்னார். தண்ணீர் என்றால் ஓடவேண்டும் என்றார். விட்டு விட்டு வர்றதுக்கு அது என்ன விக்கலாங்க என்றார். குரல் முன்பைவிட நன்றாக எழும்பியது என்று அதிகாரிகளே சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ராமச்சந்திரன் போன் செய்தார். உள்ளூர் டிவியில் பார்த்தாராம்.

"செல்லதுரை, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். ஆனா அது கடைமடையில இருக்கு" என்றார் செல்லதுரை. "அங்க இன்னும் முறை வரலை."